மலைப்பயணமும் காலாடையும்

மதுரை மாநகரின் வடகிழக்கே அமைந்துள்ளது மாட்டுத்தாவணி. தாவணி என்னும் சொல், மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நெடுங்கயிற்றையும், அங்ஙனம் பிணைக்கப்பெற்ற மாடுகள் கூடும் சந்தையையும் குறிக்கும். மாட்டுச்சந்தை கூடிய இடமாதலின் அப்பெயர் நிலைத்தது. இன்று அங்கே மாடுகளுக்கு மாறாகப் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. இரவென்றும் பகலென்றும் இன்றி மக்கள் வந்திறங்கிய வண்ணம் உள்ளனர். சித்திரை, வைகாசித் திங்கள்களில், முதுகில் பை சுமந்த இளைஞர் குழுக்களும் அக்கூட்டத்தில் இருப்பதுண்டு. அவர்கள் அங்கிருந்து ஆரப்பாளையம் நிலையத்தை அடைந்து, மேற்றிசை செல்லும் பேருந்துகளில் ஏறிக் கொடைக்கானலுக்கோ தேனி மாவட்டத்து மலைகளுக்கோ செல்வர்.

அவ்வேளை மதுரையில் வெயில் 38 பாகையைத் தாண்டி எரிக்கும். தார்ச்சாலை கொதிக்கும். பனங்குருத்து விசிறியும் பதநீரும் தேடப்படும். அந்த வெயிலில் நின்றுகொண்டு, ‘இன்றிரவு கால்கள் குளிரால் நடுங்கும்’ என்று எண்ணிப் பார்த்தல் எளிதன்று. வியர்வை சொட்டும்பொழுது கம்பளியைப் பையில் வைக்க எவர்க்கும் மனம் வாராது. வைப்பவரும் மேலுடம்புக்கு ஒன்று வைப்பர், கால்களை மறந்துவிடுவர். சமவெளி மக்கள் மலையில் இடர்ப்படுவதற்கு இம்மறதியும் ஒரு காரணமாகும். கால்களுக்கு வெப்பம் தரும் ஆடை எத்தகையதாதல் வேண்டும், அது பளுவின்றி இருத்தல் எவ்வாறு என்பவற்றை மலையேறுவோர் அறிந்துகொள்ளுதல் நலம்.

மலையும் குளிரும்

கடல்மட்டத்திலிருந்து உயரே செல்லச் செல்லக் காற்று குளிர்ந்துகொண்டே போகும். 1,000 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. மதுரை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடைப்பட்ட 2,000 மீட்டர் உயரத்திற்கு 13 பாகை குறைதல் வேண்டும். முகிலும் சோலைக்காடுகளும் வெப்பத்தை மேலும் குறைத்தலால், மே மாதத்திலும் கொடைக்கானலில் பகல்வெப்பம் 20 பாகையை ஒட்டியே இருக்கும். இரவில் அது 12 பாகை அளவிற்கு இறங்கும். காலையில் மதுரையில் வியர்த்தவர் மாலையில் மலையில் நடுங்குவது இதனாலாகும்.

இவ்வேறுபாடே கொடைக்கானல் நகரம் தோன்றுவதற்குக் காரணமாயிற்று. மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் வெப்பத்தாலும் நோயாலும் வருந்தினர். அவருள் மாண்டோரும் பலர். எஞ்சியோர் குளிர்ந்த இடம் நாடி 1845-ஆம் ஆண்டில் பழனிமலைத் தொடரின்மேல் இரு வீடுகளைக் கட்டினர். அந்நாளில் அங்குச் செல்ல வண்டிச்சாலை இல்லை. பெரியகுளத்தின் அருகேயிருந்து மலைச்சரிவில் ஏறும் நடைபாதையே வழியாக இருந்தது. இன்றும் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி என்னும் சிற்றூர் வழியாக மலையேறுவோர், ஒரே நாளில் வேனிலையும் கூதிரையும் காண்கின்றனர்.

பழனிமலையின் குளிர் கோடையிலும் மறைந்து தாக்க வல்லது. பிற்பகலில் இடியுடன் கோடைமழை பொழிதல் உண்டு. சிலபோது ஆலங்கட்டியும் விழும். மழையைத் தொடர்ந்து காற்று வீசும். அக்காற்றும் ஈரமும் சேர்ந்துவிடின், 12 பாகையும் பொறுத்தற்கரிய குளிராகிவிடும். வடக்கே இமயத்தின்கண் இந்நிலை மேலும் கடுமையுடையது. கேதாரநாதம் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் உள்ளது. மதுரைக்கும் அதற்கும் இடைப்பட்ட உயரத்தைக் கணக்கிட்டால் 22 பாகைக்கு மேல் வேறுபாடு வரும். தமிழகத்திலிருந்து கோடையில் அங்குச் செல்லும் அடியார் பலர், வேட்டியும் சேலையும் மட்டும் உடுத்து மலையடிவாரத்தில் இறங்கிக் குளிரால் திகைத்து நிற்பதுண்டு.

காலின் இயல்பு

உடலின் மேற்பரப்பை 100 பங்காகக் கொண்டால், இரு கால்களும் 36 பங்கைக் கொள்ளும் என்று மருத்துவர் கணக்கிடுவர். அஃதாவது உடற்பரப்பில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் கால்களே. மார்பைக் கம்பளியால் மூடிக் கால்களைத் திறந்துவிட்டவர், வீட்டின் வாயிலை அடைத்துச் சாளரங்களைத் திறந்து வைத்தவரை ஒப்பர்.

எனினும் கால்களுக்குத் தனித்ததோர் இயல்பு உண்டு. உடலின் பெருந்தசைகள் தொடையிலும் கெண்டைக்காலிலும் அமைந்துள்ளன. தசை இயங்கும்பொழுது உணவின் ஆற்றலில் நாலிலொரு பங்கு அளவே வேலையாக மாறும். எஞ்சியது வெப்பமாக வெளிப்படும். மேட்டில் ஏறுபவனுடைய கால்கள் எரியும் அடுப்பைப் போன்றவை. ஆதலின் நடக்கும்பொழுது கால்களுக்குத் தடித்த ஆடை வேண்டுவதில்லை. அணிந்தால் வியர்வை பெருகித் தீங்கே விளையும்.

நடை நின்றவுடன் அடுப்பு அணைகிறது. இளைப்பாறும்பொழுதும், மாலையில் கூடாரத்தின் முன் அமர்ந்து உணவு சமைக்கும்பொழுதும், இரவில் துயிலும்பொழுதும் கால்களே விரைந்து குளிரும். முழங்கால் மூட்டின்மேல் கொழுப்பும் தசையும் மிகக் குறைவு. அங்கே குளிர் எளிதில் நுழையும். எனவே, காலுக்குரிய வெப்ப ஆடை நடைக்கு உரியதன்று, ஓய்வுக்கு உரியது. இந்த ஒன்றை உணர்ந்தோர் ஆடை தேர்வதில் பாதிப்பிழை செய்யார்.

பேகனும் மயிலும்

ஆடை உடலுக்கு வெப்பம் தருகிறது என்பது உலக வழக்கு. ஆராய்ந்து நோக்கின், ஆடை வெப்பம் தருவதில்லை. உடலின் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. அக்காவலைச் செய்வதும் நூலன்று. நூலிழைகளுக்கு இடையே அடைபட்டு நிற்கும் காற்றேயாகும். அசையாத காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு மிகுதியாகக் கடத்தும். அடைபட்ட காற்றும் உலர்ந்த இழையும் ஆகிய இவ்விரண்டுமே வெப்ப ஆடையின் உயிர்நிலை.

பழனி என இன்று வழங்கும் மலை, பண்டு பொதினி எனப்பட்டது. அம்மலை நாட்டின் தலைவன் வையாவிக் கோப்பெரும்பேகன். மழைக்கால மலைச்சாரலில் மயில் ஒன்றைக் கண்ட அவன், அது குளிரால் நடுங்குகின்றது எனக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக அவனைச் சான்றோர் போற்றினர். ஈகையின் பெருமைக்கு இவ்வரலாறு சான்று; பொருளின் இயல்புக்கும் அது சான்றாகும். மயிலுக்குப் போர்வை வேண்டுவதில்லை. அதன் மேலிறகுகள் மழையைத் தடுக்க, உள்ளே செறிந்த மென்தூவி காற்றை அடைத்து வைத்து உடலைக் காக்கிறது. மேலே நீர்காக்கும் உறை, உள்ளே காற்றைத் தாங்கும் மென்படலம் என்னும் அமைப்பை மயில் தன் உடலிலேயே பெற்றிருக்கிறது. மனிதன்தான் போர்வையின்றிப் பிறந்தவன்.

தூவியின் சிறப்பைத் தமிழர் நன்கறிந்திருந்தனர். மதுரை நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், அரசியின் படுக்கை அன்னத்தின் தூவியால் அமைந்தது எனக் கூறப்படுகிறது. அந்நூலிலேயே, மழையில் நனைந்த கோவலர் தீக்காய்ந்தும் கன்னம் நடுங்க நின்ற நிலையும் காட்டப்படுகிறது.

இதே உண்மையை மேலைநாட்டு அறிஞர் ஒருவர் மலையுச்சியில் மெய்ப்பித்தார். வேதியியல் வல்லுநராகிய சார்ச்சு பிஞ்சு என்பவர் 1922-ஆம் ஆண்டில் எவரெசுட்டு மலைப்பயணத்திற்குச் சென்றார். வான்கூண்டு செய்யும் துணியினுள் வாத்தின் தூவியை அடைத்து ஒரு மேலங்கியை அவர் செய்வித்துக்கொண்டார். உடன்சென்றோர் முதலில் அதனை எள்ளினர். குளிர் வந்த பின்னர் அவ்வங்கியின் அருமையை உணர்ந்தனர். அவர் அவ்வாண்டு ஏறத்தாழ 8,300 மீட்டர் உயரம் வரை ஏறினார். பின்னாளில், 1952 முதல் 1957 வரை, புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக அவர் பணியாற்றியமை இந்நாட்டவர் நினைவிற்கொள்ளத்தக்கது.

பருத்தி, கம்பளி, செயற்கையிழை

சிலப்பதிகாரம் மதுரையின் அறுவை வீதியை வருணிக்கிறது. பருத்தி நூலாலும், மயிராலும், பட்டாலும் நெய்யப்பெற்ற ஆடைகள் அங்கே அடுக்கப்பட்டிருந்தன என்று அந்நூலால் அறிகிறோம். மயிர் என்பது கம்பளியைக் குறிக்கும். 1924-ஆம் ஆண்டில் எவரெசுட்டில் மறைந்த மல்லோரி என்பாருடைய உடல் 1999-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டபொழுது, அவர் பருத்தி, பட்டு, கம்பளி ஆகியவற்றாலான ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்தமை தெரியவந்தது. மதுரைக் கடைத்தெருவில் இருந்த மூவகை இழைகளையே எவரெசுட்டு ஏறியவரும் நம்பினர். இருபதாம் நூற்றாண்டு இவற்றோடு செயற்கையிழையையும் சேர்த்தது.

பருத்தி வெயிலுக்கு உற்ற தோழன். அது வியர்வையை உறிஞ்சித் தன்னிடத்தே தேக்கிவைக்கும். அந்நீர் மெல்ல ஆவியாகும்பொழுது உடல் குளிரும். மதுரையில் இது நன்மை. மலையில் இதுவே கேடு. நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக்கொள்ளும். அதன் இழைகளுக்கிடையே இருந்த காற்றின் இடத்தை நீர் பற்றிக்கொள்ளும். இளைஞர் விரும்பி அணியும் ‘ஜீன்ஸ்’ என்னும் தடித்த பருத்திக் காற்சட்டை உலர்ந்த நிலையிலேயே 600 முதல் 800 கிராம் வரை இருக்கும். நனைந்தால் ஒரு கிலோவைத் தாண்டும்; இரவு முழுதும் காய விட்டாலும் மலையில் உலராது. மலைப்பயணத்திற்கு அதனினும் பொருந்தாத காலாடை அரிது.

கம்பளி குளிர்நாட்டின் கொடை. அதன் இழை சுருள்சுருளாக வளர்வதனால் மிகுந்த காற்றை அடைத்து வைக்கும். தன் எடையில் நூற்றுக்கு 30 பங்களவு ஈரத்தை உள்வாங்கியும், தொடுவோர்க்கு நனைந்தது போலத் தோன்றாது. பன்னாள் அணிந்தாலும் நாற்றம் எளிதில் பற்றாது. குறும்பர் நெய்த கருங்கம்பளி இத்தகையதே. ஆயினும் அதன் மயிர் பருமனாதலின் தோலை உறுத்தும். ஒரு மீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட பருமனுள்ள இழை தோலைக் குத்தும். மெரினோ என்னும் ஆட்டினத்தின் மயிர் 20 மைக்ரான் அளவே பருமனுள்ளது. ஆதலின் உடலை ஒட்டி அணியத்தக்கது. இவ்வினத்தின் தாயகம் சுபெயின் நாடு. கொடைக்கானல் மேல்மலையைச் சார்ந்த மன்னவனூரில், நடுவண் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அங்கே ‘பாரத் மெரினோ’ என்னும் நல்லினம் வளர்க்கப்படுகிறது. மலைக்கு வேண்டிய கம்பளியை அம்மலையே விளைக்கிறது என்பது மகிழத்தக்க செய்தி.

செயற்கையிழைகளுள் நைலான் 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும், பாலியெஸ்டர் 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் கண்டறியப்பட்டன. இவை நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். நனைந்தாலும் பிழிந்து உதறிச் சிறிதுபொழுது காற்றில் விட்டால் உலரும். பாலியெஸ்டர் இழையைச் சீப்பிக் கம்பளி போலப் பஞ்சுபஞ்சாக ஆக்கிய துணி, ‘பிளீஸ்’ எனப்படும். இதனை அமெரிக்காவின் மால்டன் ஆலையார் 1979-ஆம் ஆண்டில் உருவாக்கினர். இது மென்மையும் வெப்பமும் உடையது. ஆயினும் காற்று இதனை ஊடுருவிச் செல்லும். விலை குறைவாதலும் எங்கும் கிடைத்தலும் செயற்கையிழையின் சிறப்புகள். விளையாட்டு வீரர் அணியும் மெல்லிய பாலியெஸ்டர்க் காற்சட்டைகள் திருப்பூரில் பெருவாரியாகத் தைக்கப்படுகின்றன. நடைக்கு அவை ஏற்றவை.

தூவி அடைத்த காற்சட்டையே எடைக்கு எடை நோக்கின் மிக்க வெப்பம் காப்பது. ஆயினும் நனைந்தால் தூவி கட்டிப்பட்டுப் பயனற்றதாகும், விலையும் மிகுதி. கோடைக்காலத் தென்னாட்டு மலைகளுக்கு அது வேண்டுவதில்லை. பனிமலையில் கூடாரம் அமைத்துத் தங்குவோர்க்கே அது உரியது.

எடையும் பயனும்

பொருள்களை முதுகிற் சுமந்து செல்பவர்க்கு ஒவ்வொரு கிராமும் கணக்கிற்கு உரியது. நாளொன்றுக்கு 15 கிலோமீட்டர் நடப்பவர் ஏறத்தாழ 20,000 அடிகள் எடுத்து வைப்பர். பையில் தேவையற்ற அரைக்கிலோ இருப்பின், அதனை 20,000 முறை சுமந்தவராவர். மேட்டில் ஏறுகையில் மூச்சும், இறங்குகையில் முழங்காலும் அப்பளுவுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும்.

காலாடைகளின் எடை பொதுவாக இவ்வளவினதாகும்: உடலை ஒட்டி அணியும் மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உட்காற்சட்டை 150 முதல் 200 கிராம், பிளீஸ் காற்சட்டை 250 முதல் 350 கிராம், காற்றைத் தடுக்கும் மெல்லிய நைலான் காற்சட்டை 100 முதல் 150 கிராம். ஒட்டுடையைக் கடைக்காரர் ‘தெர்மல்’ என்று வழங்குவர்.

தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடை இரண்டே சிறந்தவை. இரண்டிற்கும் இடையே ஒரு காற்றடுக்கு அமைகிறது. குளிருக்கு ஏற்பக் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஒன்று நனைந்தாலும் மற்றொன்று உலர்ந்திருக்கும். மெல்லிய ஒட்டுடையின் மேல் காற்றுத்தடுப்புக் காற்சட்டையை அணிந்தால், இரண்டின் எடையும் சேர்ந்து 300 கிராமை ஒட்டியே இருக்கும். எனினும் காற்று வீசும் மேட்டில் அவை தனியொரு பிளீஸ் காற்சட்டையினும் நன்கு காக்கும். பிளீஸ் காற்றை அடைக்கும். அடைத்த காற்றைப் புயலிலிருந்து காக்க மாட்டாது. மயிலின் தூவிக்கு மேலிறகு துணையாவது போல, மென்படலத்திற்கு மேலுறை துணையாதல் வேண்டும்.

இக்கணக்கில் படுக்கையையும் சேர்த்து எண்ணுதல் அறிவுடைமை. உறங்குபை கால்களையும் மூடுவதனால், இரவுக்கெனத் தனியே தடித்த காற்சட்டை சுமக்க வேண்டுவதில்லை. உலர்ந்த ஒட்டுடையை அணிந்து அதனுள் உறங்கினால் போதும். ஆனால், மாலையில் நெடுநேரம் வெளியே அமர்ந்திருப்போர்க்கு உறங்குபை உதவாது. அவர்க்குப் பிளீஸ் காற்சட்டை பயன்படும். அவரவர் பயணத்தின் இயல்பறிந்து கொள்வன கொண்டு, தள்ளுவன தள்ளுதல் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

கோடையில் பழனிமலை, மேகமலை போன்ற இடங்களுக்குச் செல்வோர் மூன்று காலாடைகள் கொள்ளலாம். முதலாவது, நடைக்குரிய மெல்லிய பாலியெஸ்டர்க் காற்சட்டை. இரண்டாவது, ஓய்வுக்கும் துயிலுக்கும் உரிய ஒட்டுடை. மூன்றாவது, மழையையும் காற்றையும் தடுக்கும் மேற்காற்சட்டை. இம்மூன்றனுள் முதலாவது உடலின்மேல் இருக்கும். ஏனைய இரண்டுமே சுமையாகும். இமயத்தின் உயர்ந்த தலங்களுக்குச் செல்வோர் இவற்றோடு பிளீஸ் காற்சட்டை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

சேலையும் வேட்டியும் உடுப்போர் தம் உடையைக் கைவிட வேண்டுவதில்லை. மெல்லிய ஒட்டுடையைப் பாவாடைக்குள்ளோ வேட்டிக்குள்ளோ அணிந்துகொண்டால், அது வெளியே தெரியாது, நடைக்கும் இடையூறாகாது. கைலி ஒன்று இருப்பின், கூடாரத்தினுள் ஈர ஆடையை மாற்றும்பொழுது அது பெரிதும் உதவும். பருத்தியாயினும் உலர்ந்திருக்கும் வரை அதுவும் வெப்பம் காக்கும்.

ஆடை வாங்குவோர் அளவை நோக்குதல் வேண்டும். ஒட்டுடை உடலைத் தழுவியிருத்தல் வேண்டும், இறுக்கிப் பிடித்தலாகாது. இறுக்கம் குருதியோட்டத்தைத் தடுக்கும். காற்று தங்கவும் இடம் இராது. மேற்காற்சட்டையோ, காலணியைக் கழற்றாமலே அணியத்தக்க அகலமுடையதாக இருத்தல் நன்று. குந்தி அமர்ந்தும் படி ஏறியும் பார்த்து, முழங்காலில் பிடிக்காததையே கொள்ளுதல் வேண்டும். மழைக்காலச் சோலைக்காடுகளில் அட்டை மிகுதி. ஆதலின், கணுக்காலில் இறுக்கமாக முடியும் காற்சட்டை ஆண்டு சிறந்தது.

விலை மிக்கதே நல்லது என்னும் எண்ணம் தவறாகும். வீட்டில் உள்ள விளையாட்டுக் காற்சட்டையும், எளிய ஒட்டுடை ஒன்றும், நெகிழித்தாள் உறையும் உடைய ஏழை மாணவன், விலையுயர்ந்த ஜீன்ஸ் அணிந்த செல்வனைக் காட்டிலும் மலையில் நலமாக இருப்பான்.

ஈரமும் தீயும்

மனித உடலின் இயல்பான வெப்பம் 37 பாகை. உள்ளுடலின் வெப்பம் 35 பாகைக்குக் கீழ் இறங்குமாயின், அஃது உயிருக்கு இடர் தரும் நிலை. அதற்குப் பனி பெய்ய வேண்டும் என்பதில்லை. 10 பாகைக் குளிரில் மழையும் காற்றும் களைப்பும் ஒருங்கே கூடினால் போதும். முதலில் உடல் நடுங்கும். பின்னர் விரல்கள் சொற்படி கேளா, கால் இடறும், நா குழறும், அறிவு மயங்கும். மயங்கியவர் தமக்கு ஒன்றும் இல்லை என்றே கூறுவர். எனவே, அக்குறிகளைக் கண்டறிதல் உடன் செல்வோர் கடமை. நடுங்குபவரைக் காற்றில்லாத இடத்திற்குக் கொண்டுசென்று, ஈர ஆடையைக் களைந்து, உலர்ந்த ஆடை அணிவித்துப் போர்த்துதல் வேண்டும். நினைவு தெளிவாக இருப்பின் இனிய வெந்நீர் பருகத் தருதல் வேண்டும். அவ்வேளையில் பையின் அடியில் உலர்ந்து கிடக்கும் 200 கிராம் ஆடை, உயிரின் விலை பெறும்.

கோடை மலைக்கு மற்றுமோர் அச்சம் உண்டு, அது தீ. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் எழுந்த காட்டுத்தீயில் மலைநடை சென்றோர் சிக்கினர். இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிர் இழந்தனர். காட்டுத்தீயினின்று எந்த ஆடையும் காக்காது. வனத்துறையின் அனுமதி பெறுதலும், வழியறிந்தவரோடு செல்லுதலும், தீப்பருவத்தில் மூடப்பெற்ற மலைவழியில் நுழையாமையுமே காப்பு. தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, வழிகாட்டிகளுடன் செல்லத்தக்க 40 மலைவழிகளை அறிவித்தது.

அடுப்பின் அருகில் அமர்வோர்க்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நைலானும் பாலியெஸ்டரும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பின. கம்பளியோ உருகாது, கருகித் தானே அணையும் தன்மையது. செயற்கையிழைக் காற்சட்டை அணிந்தோர் சமையல் அடுப்பின்மேல் குனிதலும், தீயருகே காலை நீட்டிக் குளிர்காய்தலும் கூடா.

கைக்கொள்ளத்தக்க பழக்கங்கள்

நல்ல ஆடையும் பழக்கம் இன்றேல் பயன் தாராது. துயிலுக்குரிய ஒட்டுடையை நீர்புகா உறையில் இட்டுப் பையில் வைத்தல் வேண்டும். எத்துணை மழை பெய்யினும் அதனை நடைக்கு அணிதல் கூடாது. ‘இன்று ஒரு நாள்தானே’ என்று அணிந்தவர், இரவில் உலர்ந்த ஆடையின்றி வருந்துவர்.

நடை நின்றதும் குளிர் தோன்றுமுன்பே காலாடையை அணிதல் வேண்டும். உள்ள வெப்பத்தைக் காப்பது எளிது. இழந்த வெப்பத்தை மீட்பது அரிது. அவ்வாறே, மீண்டும் நடக்கத் தொடங்குமுன் அதனைக் களைதல் வேண்டும். முதற் சிறிதுநேரம் கால்கள் சற்றே குளிரினும், மேட்டில் ஏறத் தொடங்கியதும் அவை தாமே வெம்மையுறும். களையாது நடப்பவர், குளிருக்கென்று கொண்டுவந்த ஆடையை வியர்வையால் தாமே நனைத்துக்கொள்வர்.

உலர்ந்த காலுறை ஒரு சோடி தனியே இருத்தல் வேண்டும். பசித்த வயிற்றோடு உறங்குதல் தகாது. உணவே உடலென்னும் அடுப்புக்கு விறகு. பொரிமாவும், கடலைமிட்டாயும், பனைவெல்லமும் சுமைக்கு எளியவை, வெம்மைக்கு உரியவை.

மதுரை வெயிலில் பை கட்டுவோன், தன் உடல் அப்பொழுது சொல்வதைக் கேட்டுப் பொருள் தேர்வானாயின் ஏமாறுவான். ஏறவிருக்கும் உயரத்தையும், வீசவிருக்கும் காற்றையும், பெய்யக்கூடும் மழையையும் கணக்கிட்டுத் தேர்பவனே தேர்ந்த பயணி. வருவதை முன்னரே உணர்ந்து காத்துக்கொள்ளுதல் அறிவுடையார் இயல்பு. அவ்வறிவுக்கு இருநூறு கிராம் இடம் பையில் ஒதுக்கினால், மலையின் அழகைக் கண்ணாரக் கண்டு நலமே மீளலாம்.